பார்க்கப்படாதிருக்கும் உரிமை

மே மாதம் பள்ளிகளை மூடியதும், ரம்ஜான், பக்ரீத் முடிந்த மறுநாட்களிலும், காணும் பொங்கலன்றும் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கமிருந்து குடும்பங்கள் வேன் பிடித்துக் கிளம்புகின்றன. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவாக்கில் கிடக்கும் இந்தத் தோல் தொழில் வட்டாரத்துக்கு, விலங்கு பார்க்க எந்தத் திசையில் போனாலும் ஓர் இடம் உண்டு. கிழக்கே வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, மேற்கே பன்னேர்கட்டா, வடக்கே திருப்பதி, தெற்கே சாத்தனூர் அணையின் முதலைப் பண்ணை. வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலை அடிவாரத்தில், 1967 முதல் அமிர்தி சிறு உயிரியல் பூங்கா இருக்கிறது. கையில் வசதி உள்ளவர்கள் துபாய் போன்ற வெளிநாட்டு ஊர்களுக்குப் போய் டால்பின் காட்சி பார்த்துவிட்டு வருகிறார்கள். இந்தப் பயணங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு குரல்களே கேட்கின்றன. உயிரை அடைத்துவைத்து வேடிக்கை பார்ப்பது பாவம் என்கிறது ஒன்று. பிள்ளைகள் புலியை வேறு எங்கே பார்ப்பார்கள் என்கிறது மற்றது. இந்த இரண்டுக்கும் நடுவில் கேட்க வேண்டிய கேள்வி விட்டுப்போகிறது. உள்ளே இருக்கும் விலங்கு நம் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொள்ள நினைத்தால் அதற்கு இடம் இருக்கிறதா? ஒரு பூங்காவுக்குக் குடும்பத்தோடு போகலாமா கூடாதா என்பதை முடிவு செய்ய இதைவிடத் தெளிவான உரைகல் கிடையாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விலங்குக் காட்சி நம் நாட்டில் இந்த உரைகல்லோடு தொடங்கவில்லை. 1855இல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்டு பால்ஃபர், பாடம் செய்த உடல்களைவிட உயிருள்ள விலங்குகளுக்கே கூட்டம் திரள்வதைக் கண்டு ஒரு விலங்குக்காட்சியை அமைத்தார். ஆற்காடு நவாபின் சொந்த விலங்குகளும் அதில் வந்து சேர்ந்தன. பின்பு சென்னையின் பீப்பிள்ஸ் பார்க் பூங்காவுக்குப் போய், 1985இல் வண்டலூரின் 600 ஹெக்டேர் காட்டுப் பரப்புக்கு வந்து நின்றது அதே காட்சிசாலைதான். நகரத்து இரும்புக் கம்பிக் கூண்டுகளிலிருந்து வண்டலூரின் அகழி சூழ்ந்த திறந்த அடைப்புகளுக்கு மாறியதை விலங்குநலத்தின் வெற்றி என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. கம்பிகளை எடுத்துவிட்டு அகழி வெட்டும் முறையை 1907இல் ஹாம்பர்க்கில் தொடங்கிப் புகழ்பெற்றவர் கார்ல் ஹாகன்பெக். அவருடைய முதல் அக்கறை பார்ப்பவரின் கண்ணுக்குத் தடை இருக்கக் கூடாது என்பது. அதே ஹாகன்பெக், 1880களில் இலங்கையிலிருந்து ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் யானைகளோடு ஐரோப்பாவுக்கு அழைத்துப்போய் ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்தவர். மனிதர்களை அப்படி நிறுத்தியதை இன்று நினைத்தாலே கூசுகிறது. அவர்களுக்குச் சோறு போட்டார்களா, கூலி கொடுத்தார்களா என்பதைத் தாண்டிய கூச்சம் அது. நாள் முழுவதும் பிறர் பார்வையில் இருந்தாக வேண்டும், விலகிப்போக வழியில்லை என்ற நிலைதான் நம்மை உறுத்துகிறது. அந்த உறுத்தலை விலங்குக்கும் ஓரளவு நீட்டலாமா என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட விஷயம்.

நீட்டலாம் என்பதற்குச் சான்று விலங்குகளின் உடம்பிலேயே இருக்கிறது. டேனரியில் தோலைத் தரம் பிரிப்பவர் மேசைமேல் விரித்த ஒரு தோலை விரலால் தடவிப் பார்த்தே அந்த மாடு வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லிவிடுவார். இங்கே உண்ணி கடித்த புள்ளிகள், இங்கே முள்வேலி கிழித்த கோடு, இங்கே தார்க்குச்சி குத்திய வடு, இங்கே சூடு போட்ட தழும்பு. அந்தக் கண்ணோடு ஓர் அடைப்பின் முன்னால் நின்றால் நிறையத் தெரியும். வேலியோரமாகப் புல் முளைக்காமல் ஒரே தடமாக மண் இறுகிக் கிடக்கிறதா, சிறுத்தை அதே இடத்தில் திரும்பி, அதே மூலையில் தலையை அசைத்து, மறுபடி அதே வழியில் வருகிறதா, கரடி நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கிறதா, கிளியின் மார்பில் அதுவே பிடுங்கிப்போட்ட சிறகுகளின் வழுக்கை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ‘சுறுசுறுப்பா நடக்குது பாரு’ என்று பிள்ளைக்குக் காட்டப்படும் அந்த நடைதான் பெரும்பாலும் நோயின் அறிகுறி. 2003இல் ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, காட்டில் பரந்த எல்லைக்குள் அலையும் ஊனுண்ணிகளே அடைப்பில் அதிகம் இப்படி நடைபோடுகின்றன என்றும், அவற்றின் குட்டிகளே அதிகம் இறக்கின்றன என்றும் காட்டியது. பனிக்கரடி அந்தப் பட்டியலின் உச்சியில் இருந்தது. எல்லா விலங்குக்கும் அடைப்பு ஒரே மாதிரி வலிப்பதில்லை என்பது இதிலிருந்து கிடைக்கும் முக்கியமான செய்தி. எனவே, கூண்டு என்றாலே கொடுமை என்று மொத்தமாகப் பேசுவதும் தவறு, சோறு கிடைக்கிறதே போதாதா என்று பேசுவதும் தவறு.

ஒதுங்க வழியே இல்லாத நிலையின் கடைசி எல்லை டால்பின் காட்சி. குளத்தின் நடுவில் இருக்கும் டால்பினுக்கு மறைய ஒரு பாறை இல்லை, போக ஓர் ஆழம் இல்லை. நேரம் குறித்து இசை ஒலிக்கும்போது எழும்பிக் குதித்தாக வேண்டும், மீன் அதற்குப் பிறகுதான். தமிழ்நாட்டுக்கு இது கேள்விப்பட்ட கதை மட்டுமல்ல. 1990களின் இறுதியில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ‘டால்பின் சிட்டி’ என்ற பூங்காவுக்காகப் பல்கேரியாவிலிருந்து டால்பின்கள் கொண்டுவரப்பட்டன. சில மாதங்களிலேயே அவை இறந்துபோயின. 2013 மே மாதம், வேறு சில நகரங்களில் இத்தகைய பூங்காக்களுக்குத் திட்டங்கள் எழுந்தபோது, மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் இந்தியாவில் டால்பின் காட்சியகம் எதற்கும் அனுமதி தரக் கூடாது என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. சர்க்கஸில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1998இல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தை காட்டப் பயன்படுத்த மத்திய அரசு தடை விதித்தது, 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்படி விடுபட்ட சிங்கங்களும் புலிகளும் தங்கள் மிச்ச ஆயுளைக் கழிப்பதற்காகவே வண்டலூரில் ஒரு மீட்பு மையம் கட்டப்பட்டது. அங்கே பார்வையாளருக்கு அனுமதி இல்லை. வித்தை காட்டிக் களைத்த விலங்குக்கு அரசு கொடுத்த முதல் நிவாரணம், யாரும் வந்து பார்க்காத இடம். இந்த நாட்டில் அனுமதிக்கப்படாத டால்பின் காட்சியை விமானம் ஏறிப்போய்ப் பார்ப்பதைக் குடும்பங்கள் கைவிடுவது நல்லது. பயண ஏஜெண்டின் பட்டியலில் டால்பின் காட்சி சேர்ந்தே வருகிறது என்றால் அந்த ஒரு பகுதியை நீக்கச் சொல்லலாம். தாய்லாந்தில் புலிக்குட்டியை மடியில் வைத்துப் படம் எடுக்கும் இடங்களுக்கும் இதே பதில்தான். 2016இல் அங்குள்ள ‘புலிக் கோயில்’ என்ற இடத்தில் அதிகாரிகள் புகுந்து 137 புலிகளை மீட்டபோது, குளிர்பெட்டிக்குள் 40 குட்டிகளின் உடல்கள் கிடைத்தன.

கூட்டத்தின் ஆசை ஒரு பூங்காவை எப்படி வளைக்கும் என்பதற்கு வெள்ளைப் புலியே சான்று. 1951இல் மத்தியப் பிரதேசத்தின் ரீவா பகுதியில் பிடிபட்ட மோகன் என்ற குட்டியின் வழியில், தந்தையோடு மகளைச் சேர்ப்பது போன்ற நெருங்கிய உறவுக் கலப்பில் பெருகியவையே உலகப் பூங்காக்களின் பெரும்பாலான வெள்ளைப் புலிகள். அது தனி இனம் அல்ல, ஒரே ஒரு மரபணு மாற்றத்தின் நிறம். மாறுகண் உட்பட உடல் குறைகள் அந்த வழியில் அடிக்கடி வருகின்றன. 2011இல் அமெரிக்க உயிரியல் பூங்காக்களின் சங்கம், நிறத்துக்காக இப்படி இனப்பெருக்கம் செய்வதைத் தன் உறுப்பினர்கள் கைவிட வேண்டும் என்று முடிவெடுத்தது. ஆனால் வெள்ளைப் புலி இருக்கும் எந்த இந்தியப் பூங்காவிலும் அதன் அடைப்பின் முன்னால்தான் கூட்டம் மொய்க்கிறது. அடையாளப் பலகையைப் பார்த்து ‘வெள்ளைப் புலி எங்கே’ என்று விசாரித்துக்கொண்டு, நடுவில் இருக்கும் சோலைமந்தியைத் திரும்பியும் பார்க்காமல் ஓடுகிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாத குரங்கு அது, வண்டலூரில் குட்டி ஈன்று பெருகியிருக்கிறது. பூங்கா நிர்வாகம் கூட்டத்தைப் பார்த்துத்தான் திட்டமிடும். ஆகவே எதன் முன்னால் நிற்கிறோம் என்பதும் ஒரு வாக்குச்சீட்டுதான்.

பூங்காக்கள் இனங்களைக் காக்கின்றன என்ற வாதத்தைத் தோல் வட்டாரத்திலிருந்து பார்க்கும்போது, சாத்தனூர் போன்ற பண்ணைகளின் முதலைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் சென்னை பாம்புத் தோல் ஏற்றுமதியின் பெரிய சந்தை. இருளர் பழங்குடியினர் பிடித்துத் தந்த பாம்புகளின் தோல் இங்கே பதனிடப்பட்டுக் கப்பல் ஏறியது. முதலைத் தோலுக்கும் நல்ல விலை இருந்ததால் ஆறுகளில் முதலை அற்றுப்போகும் நிலை வந்தது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976இல் வந்த பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும் அந்த வணிகத்தை நிறுத்தின. 1975இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் துணையோடு தொடங்கிய முதலைப் பாதுகாப்புத் திட்டம், முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்து, வளர்ந்த குட்டிகளை ஆற்றில் விட்டது. எதிர்காலத்தில் தோலுக்காகப் பண்ணை வைக்கலாம் என்ற யோசனையும் அப்போது கூடவே இருந்தது, சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1976இல் ரோமுலஸ் விட்டேகர் மகாபலிபுரம் சாலையில் நிறுவிய முதலைப் பண்ணையும் இந்த அலையில் எழுந்ததே. இனப்பெருக்கம் எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தது. சிக்கலும் அங்கேதான் வந்தது. குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் பெருகின, விடுவதற்கு ஆறு இல்லை. அணைகளும் மணல் அள்ளுதலும் மீன்பிடி வலைகளும் நிரம்பிய கரைகளில் அவற்றை எங்கே விடுவது? முட்டை பொரிப்பதையே கட்டுப்படுத்த வேண்டிவந்தது. கூண்டுக்குள் ஓர் இனத்தைப் பெருக்குவது சாத்தியம் என்பதை முதலை நிரூபித்தது. வாழ்விடம் இல்லாவிட்டால் அந்தப் பெருக்கம் தொட்டிக்குள்ளேயே நின்றுவிடும் என்பதையும் அதுவே காட்டியது.

அந்தத் தொட்டிகளின் விளிம்பில் நிற்கும் குடும்பங்களைக் கவனித்தால் எல்லா இடத்திலும் ஒரே காட்சி. முதலை வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கிறது. ‘பொம்மையா, உசிரா?’ என்கிறது குழந்தை. அப்பா ஒரு கல்லை எடுக்கிறார். வெயிலில் உடம்பு சூடேறியபோது வாய் வழியாக வெப்பத்தைத் தணித்துக்கொள்ளவே அது அப்படிக் கிடக்கிறது என்று ஒரு வரி சொல்ல அங்கே ஆள் இருந்தால், அந்தக் கல் கீழே விழும். உயிரியல் பூங்காவில் விலங்கைச் சீண்டுவதும், உணவு எறிவதும், சத்தமிட்டு அதைக் கலைப்பதும், குப்பை போடுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவின்படி குற்றம். சட்டமே விலங்கின் அமைதியை அதன் உரிமையாக ஏற்றிருக்கிறது என்று அதைப் படிக்கலாம். வாரத்தில் ஒரு நாளாவது பூங்காவை மூட வேண்டும் என்ற விதியும் அதன் தொடர்ச்சியே.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, கல்வி. பூங்காவுக்குப் போனால் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள் என்று எல்லாப் பூங்காக்களும் சொல்கின்றன. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, 19 நாடுகளில் 26 பூங்காக்களுக்கும் மீன்காட்சியகங்களுக்கும் வந்த 5,600க்கும் மேற்பட்டவர்களைப் பயணத்துக்கு முன்னும் பின்னும் கேட்டது. உயிரினப் பன்மை பற்றி ஓரளவாவது புரிந்தவர்கள் 69.8 சதவீதத்திலிருந்து 75.1 ஆக உயர்ந்தார்கள். உயர்வு உண்மை, ஆனால் சிறியது. லண்டன் பூங்காவில் எரிக் ஜென்சன் செய்த இன்னொரு ஆய்வு நமக்கு அதிகம் பயன்படும். 7 முதல் 15 வயது வரையிலான 2,800க்கும் மேற்பட்ட மாணவர்களில், கல்வியாளர் ஒருவர் உடன் வந்து விளக்கியபோது 41 சதவீதத்தினரிடம் கற்றல் தெரிந்தது, தாமாகச் சுற்றியவர்களிடம் 34 சதவீதம். இரண்டு பிரிவிலும் முன்பு தெரிந்ததைக்கூடக் குழப்பிக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஆகக் கல்வி என்பது விலங்கைப் பார்த்தவுடன் தானாக ஒட்டிக்கொள்ளும் பண்டம் இல்லை. யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும், கேட்பவர் ஓரிடத்தில் நிற்க வேண்டும். ஒரே நாளில் எல்லா அடைப்புகளையும் ‘கவர்’ செய்யும் பயணத்தில் இரண்டுக்கும் இடமில்லை.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. ஷூ கம்பெனியில் வாரம் ஆறு நாள் தையல் மெஷினில் உட்காரும் பெண்ணுக்குக் கிடைப்பது பண்டிகை ஒட்டிய ஒன்றிரண்டு நாள். நூற்றைம்பது, நூற்றெண்பது கிலோமீட்டர் வேனில் குலுங்கி, டிக்கெட் எடுத்து, வெயிலில் பிள்ளையைத் தூக்கி நடந்து வந்தால், புலி புதருக்குள் இருக்கிறது, அதற்கு உரிமை உண்டு என்று சொல்வதா? காட்டிலேயே போய்ப் பாருங்கள் என்பது கர்நாடகத்தின் கபினிக் காட்டு விடுதியில் இரவு தங்க முடிந்தவர்களின் பேச்சு. இந்த வாதத்தின் நியாயத்தை முழுமையாக ஏற்க வேண்டும். உயிரியல் பூங்கா ஏழைகளின் காடு, அதை மூடச் சொல்வதில் நீதி இல்லை. ஆனால் அதே நியாயம் இன்னொரு முடிவுக்கும் இட்டுச்செல்கிறது. பலருக்கும் வாழ்நாளில் இது ஒன்றுதான் விலங்கோடு நேர்முகம் என்றால், அது நோயுற்ற நடையைக் காட்டும் நேர்முகமாக இருப்பது அவர்களுக்கும் இழப்பு. தவிர, மறைவிடம் கொடுத்தால் விலங்கு தெரியவே தெரியாது என்பதும் சரியல்ல. நிழலும் தண்ணீரும் ஏறி உட்கார மேடையும் பார்வையாளர் பக்கமாக அமைந்தால் அது தானாக அங்கே வந்து அமரும், மிரளும்போது பின்வாங்க வழி இருப்பதாலேயே துணிந்து முன்னால் வரும். காலையில் பூங்கா திறக்கும் நேரத்திலும் மாலை வெயில் தாழும்போதும் அவை நடமாடும். நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் புலி தூங்குகிறது என்று குறைப்படுவதில் பொருளில்லை. கூட்டம் விரும்பும் யானைகளைக்கூடப் பூங்காக்களிலிருந்து முகாம்களுக்கு மாற்றச் சொல்லி 2009இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் உத்தரவிட்டது. யானைக்குப் பூங்காவின் இடம் போதாது என்ற உண்மையே அந்த உத்தரவுக்குக் காரணம்.

மூன்றாவது எதிர்வாதத்தை வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள்: தோலில் பிழைக்கும் ஊர் விலங்கின் உரிமையைப் பற்றிப் பேசலாமா? இறைச்சிக்கு அறுத்த மாட்டின், ஆட்டின் தோலை வீணாக்காமல் பயனுள்ள பொருளாக்குவது இந்தத் தொழில். அதைச் செய்பவர்களுக்கு உயிரோடு இருக்கும் விலங்கின்மேல் அக்கறை இருக்காது என்று முடிவு கட்டுவது அநியாயம். பக்ரீத் குர்பானிக்கு வாங்கிய ஆட்டை அந்த நாள் வரை பிள்ளைபோல் வளர்க்கும் வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. விலங்கைப் பயன்படுத்துவது ஒன்று, அதை வேடிக்கைக்காக வதைப்பது வேறொன்று என்ற கோடு இந்த ஊருக்குத் தெரியும். இன்னும் ஒரு காரணமும் இருக்கிறது. பாலாற்றில் டேனரிக் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை நாட்டின் சட்டத்தில் ஊன்றியது. நம் வசதியின் விலையை வாய்பேசாத ஒன்றின் தலையில் கட்டக் கூடாது என்பதைக் கடினமான வழியில் கற்ற வட்டாரம் இது. ஆற்றுக்கு ஏற்றுக்கொண்ட நியாயத்தை அடைப்பில் உள்ள விலங்குக்கும் ஏற்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

இந்த வட்டாரத்துக்குக் காட்டு விலங்கு தொலைதூரப் பொருளும் அல்ல. ஆந்திர எல்லையின் கௌண்டின்யா சரணாலயத்துக்கு 1980களில் வந்து சேர்ந்த யானைகளின் வழித்தோன்றல்கள் பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்து மாந்தோப்புகளிலும் வாழைத்தோட்டங்களிலும் இறங்குகின்றன. 2024 ஜூனில் திருப்பத்தூர் நகரத்துக்குள்ளேயே ஒரு சிறுத்தை வந்துவிட்டது. இவற்றோடு எப்படி வாழ்வது, எதைச் செய்தால் ஆபத்து, எங்கே விலகி நிற்க வேண்டும் என்பவை இங்குள்ள பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டிய பாடங்கள். அதற்குப் பொருத்தமான பள்ளி வண்டலூரைவிட அமிர்திதான். 25 ஹெக்டேர் இடம், புள்ளிமான், நரி, முள்ளம்பன்றி, மயில், மலைப்பாம்பு, முதலை என்று இந்த மண்ணின் விலங்குகள், சுற்றிலும் அவற்றின் சொந்தக் காடு, நடந்துபோனால் ஓர் அருவி. முள்ளம்பன்றி பகலில் வளைக்குள் இருக்கும் என்பதைச் சொல்லி, அது உதிர்த்த ஒரு முள்ளைக் கையில் கொடுத்துக் காட்டினால் போதும், அதை வெளியே இழுத்துக் காட்ட வேண்டியதில்லை. இதையெல்லாம் சொல்ல விடுமுறை நாட்களில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் அங்கே நிரந்தரமாக இருக்க வேண்டும். வாணியம்பாடி, மேல்விஷாரம் குடும்பங்கள் வீட்டில் பேசும் உருதுவிலும் பலகைகள் வேண்டும். மான் கூட்டம் பார்வையாளரிடமிருந்து விலகி நிற்கப் புதர் மறைப்பு வேண்டும்.

பணம் தடையல்ல. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் அதில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். விலங்குநலமும் தாவர, விலங்கினப் பாதுகாப்பும் அந்தப் பணிகளின் பட்டியலிலேயே இருக்கின்றன. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் அந்த வரம்பைத் தாண்டும் ஏற்றுமதி நிறுவனங்கள் உண்டு. அவர்களும் வனத்துறையும் சேர்ந்து உட்கார்ந்தால், அடுத்த மே விடுமுறைக்குள் அமிர்தியில் இரண்டு வழிகாட்டிகளை நியமித்துவிடலாம். குடும்பங்கள் செய்ய வேண்டியது அதைவிட எளிது. டால்பின் காட்சியும் புலிக்குட்டிப் படமும் உள்ள சுற்றுலாவை மறுத்துவிடுங்கள். போகும் பூங்காவில் காலையிலேயே நுழைந்து, நான்கைந்து அடைப்புகளை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றின் முன்னாலும் பிள்ளை கேள்வி கேட்கும் அளவுக்கு நில்லுங்கள். பக்கத்தில் ஒருவர் கல்லை எடுத்தால் தடுங்கள், கேட்காவிட்டால் ஊழியரிடம் சொல்லுங்கள்.